கண்டவன் கடன்

நம் வீட்டு அடுப்பில் கொதிக்கும் ஒரு சட்டிக் கறி எத்தனைக் கைகளைக் கடந்து அங்கே வந்து சேர்ந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வளர்த்தவர் ஒருவர்; சந்தைக்கு ஓட்டி வந்தவர் ஒருவர்; அறுத்தவர் ஒருவர்; துண்டு போட்டு நிறுத்துக் கொடுத்தவர் ஒருவர். இவர்களுள் கடைசியில் நிற்பவரை மட்டுமே நாம் அறிவோம். அவரும் பெரும்பாலும் நம் தெருக்காரராக இருப்பார். பள்ளிவாசலில் நம்மோடு தோள் சேர்த்து நின்று தொழுபவராக இருப்பார். அவருடைய முகத்தை நம்பியே நாம் பணத்தை நீட்டுகின்றோம். அந்த நம்பிக்கை எதன் மேல் நிற்கிறது என்ற கேள்வி நமக்குள் எழுவதே இல்லை.

அந்தக் கேள்வி அண்மையில் கடல் கடந்து ஒரு கடிதமாக நம்மிடம் வந்தது. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் மனைவி மக்களுடன் வாழ்ந்து வருகிறார். குளிர்காலம் வந்துவிட்டால் அவ்வூர்க் கசாப்புக் கடையில் காட்டு மானின் இறைச்சி விற்பனைக்கு வருகிறதாம். வேட்டையாடுபவரும் அந்த வட்டாரத்துக்காரர்தாம்; கிறிஸ்தவர். சுட்டதைத் தம் வண்டியில் ஏற்றி வந்து நேரே கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறார். "ஹஜ்ரத், அந்த மான் எப்படி உயிர் விட்டது என்பது கடைக்காரருக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றை எந்தத் துணிவில் உண்பது? தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக அதை ஹராம் என்றுதான் எப்படிச் சொல்வது?" என்று அவர் கேட்டு எழுதியிருந்தார்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுத்திருப்பதால், நம்மவர்களுக்கு இது எங்கோ தொலைவில் உள்ள விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் மாணவரின் கேள்வி மானைப் பற்றியது மட்டுமன்று. ஒருவன் கண்டான், மற்றொருவன் காணவில்லை. கண்டவன் கொடுக்கிறான், காணாதவன் உண்கிறான். இவ்விருவருக்கும் இடையே உள்ள கடமை என்ன என்பதே அது. ஆகவே அங்குள்ள நிலையை முதலில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பிரிட்டனில் இன்று 6 வகை மான்கள் காட்டில் திரிகின்றன. அவற்றுள் செம்மானும் ரோ மானும் மட்டுமே அந்த மண்ணுக்கு உரியவை. மற்ற நான்கும் மனிதரால் கொண்டுவரப்பட்டவை. மானைத் தின்று அதன் தொகையை மட்டுப்படுத்திய ஓநாயும் காட்டுப்பூனை இனத்தைச் சேர்ந்த லின்க்ஸும் அங்கே அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. எனவே மான்கள் பெருகி இளங்கன்றுகளைக் கடித்துக் காடு வளரவொட்டாமல் செய்கின்றன. பயிர்களும் பாழாகின்றன. நார்ஃபோக், சஃபோக் எல்லையில் உள்ள காடுகளை ஆராய்ந்த கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தார், ரோ மான், முண்ட்ஜாக் ஆகியவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஆண்டுதோறும் குறைத்தாலன்றிப் பெருக்கம் நிற்காது என்று 2013இல் எழுதினர். ஆகவே அங்கே நடைபெறும் மான் வேட்டையைப் பொழுதுபோக்கு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. வேட்டையாடப்பட்ட உடல் காட்டில் கிடந்து அழுகுவதைவிட மனிதருக்கு உணவாவதே முறை என்பதில் ஐயமில்லை. வீண் விரயத்தை நம் மார்க்கமும் வெறுக்கிறது.

அந்த இறைச்சி மக்களை வந்தடைய அங்கே இரண்டு வழிகள் உள்ளன. அரசின் ஒப்புதல் பெற்ற வேட்டை இறைச்சி நிலையத்துக்கு அனுப்புவது ஒன்று. அங்கே செல்லும் ஒவ்வோர் உடலுடனும், பயிற்சி பெற்ற ஒருவர் அதைப் பரிசோதித்து எழுதிய உறுதிச் சீட்டு இருக்க வேண்டும். அதன் பிறகு அரசு சார்ந்த பரிசோதனையும் உண்டு. மற்றொரு வழி, சிறு அளவில், தோல் உரிக்காத முழு உடலாக, அதே வட்டாரத்தில் உள்ள கடைக்காரருக்கு வேட்டைக்காரரே நேராகக் கொடுப்பது. இதற்குச் சட்டம் விலக்கு அளித்துள்ளது. நம் மாணவர் கண்டது இந்த இரண்டாவது வழியைத்தான். இதில் பாதை குறுகியது, செலவு குறைவு, உள்ளூரார் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள முடிகிறது. ஆனால் இடையில் அரசு மருத்துவரின் கண் இல்லை. இருப்பது வேட்டைக்காரரின் கண் ஒன்றே.

அந்த ஒரு கண் காண வேண்டியவை எத்தனை! துப்பாக்கியை எடுக்குமுன் மான் எப்படி நடந்தது, நொண்டியதா, சோர்ந்து தனித்து நின்றதா என்று அவர் பார்க்க வேண்டும். சுட்ட பின் வயிற்றைத் திறந்து குடலை அகற்றும்போது ஈரலில் புள்ளிகள் உண்டா, நுரையீரலில் கட்டிகள் உண்டா, நிணநீர்க் கணுக்கள் வீங்கியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். காசநோய் மானுக்கும் வரும், அதன் அடையாளங்கள் அங்கேதான் தெரியும். குண்டு நெஞ்சில் பாய்ந்ததா, இரைப்பையைக் கிழித்துக் கழிவை இறைச்சியில் சிதற விட்டதா என்பதும் அவருக்குத்தான் தெரியும். அடித்த குண்டு ஈயத்தாலானதா என்பதும் அவருக்கே தெரியும். ஈயக்குண்டால் வீழ்த்தப்பட்ட வேட்டை இறைச்சியை அடிக்கடி உண்பது, சிறப்பாகச் சிறுவர்களும் கருவுற்ற பெண்களும் உண்பது நல்லதன்று என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2012லேயே அறிவுரை கூறியிருக்கிறது. பிறகு உடலை விரைந்து குளிரவைத்து 7 டிகிரி அளவுக்குக் கீழே வைத்தாரா, வெயிலில் வண்டியில் கிடக்க விட்டாரா என்பதும் அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

உடல் கடையை அடையும்போது குடலும் ஈரலும் காட்டிலேயே நின்றுவிடுகின்றன. கடைக்காரர் தோலை உரித்து, காயம் பட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டால், கண்ணாடிக்குப் பின்னே சிவந்து கிடக்கும் துண்டில் அந்த வரலாறு எதுவும் எஞ்சியிருப்பதில்லை. நாள், நேரம், இடம் எழுதிய சீட்டு ஒன்று இருக்கலாம். அந்தச் சீட்டும் அவர் எழுதியதேயன்றி வேறன்று. உண்மை அவருடைய நெஞ்சில் மட்டுமே இருக்கிறது.

இங்கே நாம் மார்க்க நூல்களைத் திறப்போம். வேட்டையைப் பற்றிய நபிமொழிகளில் பெரும் பகுதி, தய்யி குலத்தைச் சேர்ந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளிய விடைகளாகும். பழக்கிய நாயை இறைநாமம் கூறி ஏவினால் அது பிடித்ததை உண்ணலாம்; ஆனால் நாய் அதிலிருந்து தின்றிருந்தால் உண்ணலாகாது. வேறொரு நாயும் சேர்ந்து பிடித்திருந்தால், எது கொன்றது என்று தெரியாத நிலையில் விட்டுவிட வேண்டும். எறிந்த கோல் தன் முனையால் துளைத்துக் கொன்றால் உண்ணலாம். பக்கவாட்டில் பட்டு அடியால் இறந்தால் ஆகாது. அம்பு பட்ட பிராணி ஓடி மறைந்து ஒரு நாள் கழித்துக் கிடைத்து, அதில் உம்முடைய அம்பின் தழும்பைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் உண்ணலாம். நீரில் விழுந்து கிடக்கக் கண்டால், அம்பு கொன்றதா நீர் கொன்றதா என்று தெரியாததால் உண்ணலாகாது. இக்கருத்துகள் ஸஹீஹான நூல்களில் பல வழிகளில் வந்துள்ளன.

இவ்விடைகளை ஊன்றிப் படிப்பவர் ஒன்றைக் காண்பார். இவற்றுள் ஒவ்வொன்றும், வேட்டையாடியவன் மட்டுமே காணக்கூடிய ஒன்றைப் பற்றியதாக இருக்கிறது. நாய் தின்றதை யார் கண்டார்? பிராணி ஓடையில் கிடந்ததை யார் கண்டார்? நீரிலிருந்து இழுத்துக் கரையில் போட்டுச் சற்று உலரவிட்டால், உலகில் வேறு எவருக்கும் அது தெரியப் போவதில்லை. அவனிடம் மார்க்கம் கடுமையாக இருக்கிறது. ஐயம் வந்தால் விட்டுவிடு என்கிறது.

இனி மற்றொரு நபிமொழியைப் பார்ப்போம். புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய மக்கள் சிலர் எங்களிடம் இறைச்சி கொண்டு வருகின்றனர், அதன் மீது அவர்கள் இறைநாமம் கூறினார்களா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை என்று சிலர் வந்து முறையிட்டனர். நீங்கள் இறைநாமம் கூறி உண்ணுங்கள் எனும் கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரீ இதைப் பதிவு செய்துள்ளார்கள். போய் விசாரியுங்கள் என்றோ, சாட்சி கொண்டு வாருங்கள் என்றோ நபியவர்கள் கூறவில்லை.

வேட்டையாடியவனிடம் அத்தனைக் கடுமை. உண்பவனிடம் இத்தனை எளிமை. இரண்டும் முரண் அல்லவா என்று சிலருக்குத் தோன்றலாம். முரண் அன்று, ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்கிறது என்பதே நமது எண்ணம். உண்பவன் துருவித் துருவிக் கேட்க வேண்டியதில்லை என்று மார்க்கம் விடுவித்திருப்பது, கொடுப்பவன் மேல் அந்தச் சுமை முழுவதையும் ஏற்றி வைத்திருப்பதால்தான். கண்டவன் கடமையில் தவறாதவன் என்று கொண்டால்தான் காணாதவன் நிம்மதியாக ஒரு கவளம் எடுத்து வாயில் வைக்க முடியும். எனவே கண்டவன் பொய் சொன்னால், அவன் ஓர் இறைச்சித் துண்டை மட்டும் கெடுக்கவில்லை. இறைவன் தன் அடியார்களுக்கு அளித்த ஒரு சலுகையையே கெடுக்கிறான். பிறகு மக்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று விசாரணை செய்ய வேண்டியவர்களாகிவிடுவர்.

நம் ஹதீஸ் கலையும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. நபியவர்களின் திருவாயிலிருந்து கேட்டவர் ஒருவர். அவரிடமிருந்து கேட்டவர் ஒருவர். இப்படி வந்துதான் அச்சொல் நம் கையை அடைந்தது. நாம் காணவில்லை, கேட்கவில்லை. கண்டவர், கேட்டவர் நேர்மையை நம்பியே அதன்படி வாழ்கிறோம். நபியவர்கள் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவனுக்கு அத்தனைக் கடுமையான எச்சரிக்கை வந்திருப்பதன் காரணமும் இதுவே.

திருமறையின் ஐந்தாம் அத்தியாயமான அல் மாயிதாவில் 94ஆவது வசனம் நம்மை வியக்க வைக்கிறது. கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளை வரச் செய்து, மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்பதை வெளிப்படுத்த இறைவன் நம்பிக்கையாளர்களைச் சோதிப்பான் என்பது அதன் கருத்து. இஹ்ராம் அணிந்தவர்களுக்கு வேட்டை தடுக்கப்பட்ட சூழலில் இறங்கிய வசனம் அது. எனினும், மறைவில் அஞ்சுவதைச் சோதிக்க இறைவன் இங்கே வேட்டையை எடுத்துக்கொண்டிருப்பதில் நமக்குப் படிப்பினை உண்டு. கடைத்தெருவில் நூறு கண்கள் உள்ளன. தராசைப் பார்க்க அதிகாரி வருவார். காட்டில் விடியற்காலை மூடுபனியில் ஒரு மனிதனும் வீழ்ந்து கிடக்கும் ஒரு மானும் மட்டுமே. அங்கே அவன் செய்வதே அவனுடைய உண்மையான தரம்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியில் கண்ட ஆட்டிடையர் ஒருவரின் செய்தி நம்மில் பலர் அறிந்ததே. ஓர் ஆட்டை எனக்கு விற்றுவிடு, ஓநாய் தின்றுவிட்டது என்று எசமானனிடம் சொல்லிவிடு என்று அவர்கள் அவரைச் சோதித்துப் பார்த்தார்கள். அப்படியானால் அல்லாஹ் எங்கே என்று அந்த இடையர் திருப்பிக் கேட்டுவிட்டார். எசமானன் காணவில்லை என்பது அவருக்கு ஒரு வசதியாகத் தோன்றவில்லை. கண்டவன் தாம் என்பதே அவருக்குப் போதுமான கடனாக இருந்தது.

இனி, இருவருக்கும் நடுவே நிற்கும் கடைக்காரரின் நிலை என்ன? அவர் காட்டில் நடந்ததைக் காணவில்லை. ஆனால் உண்பவரைப் போல முற்றிலும் அறியாதவரும் அல்லர். அவருக்குக் கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. இங்கேதான் மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் ஒரு நுட்பமான வழி திறக்கிறது. கேட்டால் உண்மை தெரிந்துவிடும். தெரிந்தால் வாங்க முடியாது. ஆகவே கேளாதிருப்போம் என்று அவர் எண்ணலாம். இரவில் பின்வாசல் வழியே, சீட்டு எதுவும் இல்லாமல், பாதி விலைக்கு ஓர் உடல் வருகிறது. அனுமதியின்றி அயலார் நிலத்தில் புகுந்து அடித்ததாக இருக்கலாம். சாலையில் வண்டி மோதிச் செத்ததாகவும் இருக்கலாம். "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அது அவர் முயன்று தேடிக்கொண்ட அறியாமை.

அயலார் சட்டம்கூட இந்த வேற்றுமையை உணர்ந்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழங்கும் 1991ஆம் ஆண்டின் மான் சட்டப்படி, குற்றமான முறையில் கொல்லப்பட்ட மானின் இறைச்சி என்று அறிந்து வாங்குபவர் மட்டுமன்றி, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்குபவரும் குற்றவாளியே ஆவார். நம் முன்னோர் இதைவிட ஒரு படி மேலே சென்றனர். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். குறையுள்ள ஒரு துணியின் குறையைச் சொல்லி விற்குமாறு பங்காளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்து, சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கின் தொகை முழுவதையும் இமாம் அவர்கள் தருமம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. விற்றது தாம் அல்லர், தவறு மறதியால் நேர்ந்தது என்று ஆறுதல் தேடிக்கொள்ள அவர்களுக்கு வழி இருந்தது. அவர்கள் தேடவில்லை.

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு காண்பவரையெல்லாம் ஐயுறுவதும் நம் வழியன்று. நிலை தெரியாத ஒருவர் அன்போடு உணவளிக்கும்போது, ஐயத்துக்கு அடையாளம் எதுவும் இல்லாத நிலையில் இது எங்கிருந்து வந்தது என்று குடைவது அவர் மனத்தைப் புண்படுத்தும். ஒருவர் மனத்தைப் புண்படுத்துவது பாவம் என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் விளக்கியுள்ளார்கள். அடையாளம் இருந்தால் கேள். இல்லையேல் நல்லெண்ணம் கொள் என்பதே நடுநிலை. பேணுதல் வேறு, மனக்கலக்கம் வேறு.

இவற்றையெல்லாம் சுருக்கமாக எழுதி நம் மாணவருக்கு அனுப்பினோம். அந்த மான் அவருக்கு ஆகுமா என்ற ஃபத்வாவை நாம் எழுதவில்லை. எய்தவர் மார்க்கத்தால் எத்தகையவர், இறைநாமம் மொழியப்பட்டதா, துப்பாக்கிக் குண்டு துளைத்துக் கொல்வதா அடித்துக் கொல்வதா என்பவற்றில் மத்ஹபுகளுக்கும் உலமாக்களுக்கும் இடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. அருகிலிருந்து நிலையறிந்த ஆலிம்களே அதைச் சொல்லத் தக்கவர்கள். ஆனால் ஒன்றைக் கூறினோம்: "தம்பி, உங்களுக்கு வாய்த்திருப்பது குறுகிய பாதை. பெரிய நகரத்தில் இருப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்? உங்கள் வேட்டைக்காரர் அடுத்த தெருவில் இருக்கிறார். மரியாதையோடு போய்ப் பேசுங்கள்."

சில மாதங்களுக்குப் பின் பதில் வந்தது. மாணவர் அந்த மனிதரைப் பார்த்துப் பேசியிருக்கிறார். அவர் பெயரளவிலேயே கிறிஸ்தவர்; வேட்டையில் இறைநாமம் மொழிவது அவரிடம் வழக்கமில்லை. அவ்வட்டாரத்து ஆலிம்கள் தவிர்த்துக்கொள்ளும்படி கூறினர், மாணவரும் வாங்கவில்லை. அந்த மட்டில் அவருடைய கேள்வி தீர்ந்தது. ஆனால் கடிதம் அத்தோடு முடியவில்லை.

அந்த வேட்டைக்காரர் ஒரு குறிப்பேட்டை எடுத்துக் காட்டினாராம். எந்த நாளில், எந்த இடத்தில், எத்தகைய மான், உள்ளுறுப்புகள் எப்படி இருந்தன என்று வரிவரியாக எழுதியிருந்தார். ஒரு பெண்மானுக்கு எதிரே மட்டும் கடையின் பெயர் இல்லை. காரணம் கேட்டதற்கு, மாலை மங்கும் வேளையில் சுட்டதாகவும், அது ஓடி மறைந்துவிட்டதாகவும், மறுநாள் காலை ஓடைத் தண்ணீரில் கிடக்கக் கண்டதாகவும் கூறினாராம். "அது எப்போது செத்தது, எதனால் செத்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததை எப்படி விற்பது? புதைத்துவிட்டேன்" என்றாராம். கடைக்காரரிடமும் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களின் பெயரை அம்மனிதர் கேட்டிருக்க வழியில்லை. அவர் விற்கும் இறைச்சி நமக்கு ஆகுமானதும் அன்று. எனினும் அந்த ஓடைக்கரையில் யாருமில்லாத வேளையில், கையில் வந்த காசை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தாரே, அந்தச் செயலின் முன் நாம் சற்று வெட்கப்பட வேண்டியிருக்கிறது. ஹலால் என்ற பலகையைக் கடையின் நெற்றியில் மாட்டுவது எளிது. அந்தச் சொல்லுக்குப் பின்னே தான் கண்டதை மறைக்காத ஒருவன் இருக்கிறானா என்பதல்லவா கேள்வி!

வேட்டைக்காரரும் கசாப்புக்காரரும் மட்டுமா இக்கடனுக்கு உட்பட்டவர்கள்? நோயாளி அறியாததை மருத்துவர் அறிவார். வாங்குபவர் அறியாததை மனை விற்பவர் அறிவார். பெண் வீட்டார் அறியாததை மாப்பிள்ளை வீட்டார் அறிவர். கிதாபைத் திறந்து தீர்ப்புச் சொல்லும் நம்மைப் போன்றவர்களும் விலக்கல்லர். கேட்பவர் கிதாபைக் காணவில்லை. நாம் கண்டோம் என்று நம்பி வருகிறார். நாம் உண்மையிலேயே கண்டதைத்தான் சொல்கிறோமா, அன்றித் தண்ணீரில் கிடந்ததை உலர்த்திக் கொடுக்கிறோமா என்பதை நாமும் நம் இறைவனுமே அறிவோம்.

காணாதவர் நம்பி உண்கிறார்; அவர்மீது குற்றமில்லை. கண்டவர் நாளை மறுமையில் தாம் கண்டதற்கு விடை சொல்ல வேண்டியவர். அந்த விடையை இன்றே நேர் செய்துகொள்ளும் நல்லுள்ளத்தை வல்ல நாயன் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக. ஆமீன்.